டிராக்டர் செல்ப் எடுக்கவில்லையா? பாட்டரியை மாற்றுமுன் பரிசோதியுங்கள்

காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேலை. அந்த நேரம் பார்த்துத்தான் பல டிராக்டர்கள் கொட்டகையை விட்டுக் கிளம்ப மறுக்கின்றன. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. நாற்று முற்றுகிறது, முறைத் தண்ணீர் போகிறது, கேஜ் வீல் மாட்டிய வண்டி நிற்கிறது. அவசரத்தில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பாட்டரி வாங்கிப் போடுகிறார்கள். சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. காரணம், பழுது பாட்டரியில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்ததுதான். பழுது எங்கே என்று கண்டுபிடித்த பிறகே பணத்தைச் செலவிட வேண்டும். இதற்கான பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை விவசாயிகள் தாங்களே செய்துகொள்ளலாம்.

ஜூனில் ஏன் இந்தத் தொல்லை?

சம்பா, தாளடி அறுவடை முடிந்து வைக்கோலும் ஏற்றியானபின் பல வயல்களில் உளுந்தும் பயறும் நிற்கும். டிராக்டருக்கு வேலை குறைவு. சும்மா நிற்கும் பாட்டரியும் தானாகவே சிறிது சிறிதாகச் சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கத்திரி வெயிலில் பாட்டரித் தண்ணீரும் வற்றும். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளின் மேல் வெள்ளையாக சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பாட்டரியில் நிற்காது.

முதலில் காதால் கேளுங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பல டிராக்டர்களில் கிளட்ச் மிதித்தால்தான் செல்ப் வேலை செய்யும்படி பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது.

1. இஞ்சின் விறுவிறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பாட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு டீசல் பக்கம் இருக்கிறது.

2. இஞ்சின் முக்கி முனகி மெதுவாகச் சுற்றினால், பாட்டரி இறங்கியிருக்கலாம் அல்லது வயர் இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம்.

3. ‘டக டக’ என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால், பெரும்பாலும் பாட்டரி இறங்கிவிட்டது என்று பொருள்.

4. சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால், எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது அல்லது பாட்டரி அடியோடு காலியாகிவிட்டது.

விளக்கு எரிந்தால் போதாது

“விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. விளக்குக்குச் சில ஆம்பியர் மின்சாரம் போதும். செல்ப் மோட்டாருக்கோ பல நூறு ஆம்பியர் வேண்டும். ஆகவே முன்விளக்கைப் போட்டுக்கொண்டு செல்ப் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பாட்டரியிலோ அதன் இணைப்பிலோ குறை. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் செல்ப் மட்டும் சுற்றவில்லையானால், மின்சாரம் செல்ப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சுவிட்ச், சாலினாய்டு, செல்ப் மோட்டார் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டவும்.

இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள்

காசு செலவில்லாத பரிசோதனை இது. ஐந்து வினாடி செல்ப் அடித்தபின், பாட்டரி முனைகளில் உள்ள கிளாம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கே இணைப்பு சரியில்லை. எர்த் வயர் டிராக்டர் உடம்பில் பொருந்தும் இடத்தையும் பாருங்கள். சேறும் துருவும் ஏறி அங்கே மின்சாரம் தடைப்படுவது மிகவும் சாதாரணம்.

பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கிளாம்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், ஸ்பானர் டிராக்டர் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பூப்பு கரைந்துவிடும். இந்தக் கரைசல் பாட்டரிக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாஸலின் தடவவும்.

பாட்டரியைச் சோதிக்கும் முறை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். இஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குமேல் காட்டினால் சார்ஜ் முழுமை. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே என்றால் பெரும்பாலும் காலி. செல்ப் அடிக்கும்போதும் ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழுச் சார்ஜ் உள்ள பாட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் வலு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூடி திறக்கும் பாட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். 12 வோல்ட் பாட்டரியில் ஆறு செல்கள் உண்டு. முழுச் சார்ஜில் திராவகத்தின் அளவு, கம்பெனிக்குத் தக்கபடி, 1.240 முதல் 1.270 வரை இருக்கும். 1.150க்குக் கீழே போனால் பாட்டரி காலி. ஆறு செல்களும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் கவலை வேண்டாம். சார்ஜ் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். 75 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு ஏறத்தாழ 7 ஆம்பியர் வீதம் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றியபிறகும் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைந்து நின்றால் அந்தச் செல் போய்விட்டது. அப்போதுதான் புதுப் பாட்டரி வாங்க வேண்டும்.

சார்ஜ் ஏறுகிறதா?

பாட்டரி நன்றாக இருந்தும் அடிக்கடி இறங்கினால், இஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பான் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டரைவிட மிக அதிகமாக அமுங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரைக் காட்ட வேண்டும். 15 வோல்ட்டுக்குமேல் காட்டினால் சார்ஜ் மிதமிஞ்சி ஏறுகிறது. ஆறு செல்களிலும் தண்ணீர் விரைவில் வற்றுவதும் இதற்கு அடையாளம். இஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது தவறு. ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும்.

மாலையில் நன்றாக இருந்த பாட்டரி காலையில் இறங்கியிருந்தால், ஓர் இரவு எர்த் வயரைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டியதும் செல்ப் எடுத்தால் வயரிங்கில் மின்கசிவு இருக்கிறது.

டீசல் பக்கம் பார்க்க வேண்டியவை

இஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால், நிறுத்தும் குமிழ் உள்ளே தள்ளியிருக்கிறதா, டாங்கில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்டர் அடைப்பும், டீசல் குழாயில் காற்றுப் பிடிப்பதும் அடுத்த காரணங்கள். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கை பம்பை அடித்தால் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை முடுக்கவும். விடாமல் செல்ப் அடிப்பது பெருந்தவறு. பத்து வினாடிக்குமேல் அடிக்காமல், அரை நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

மாதம் ஒருமுறை, தகடுகளுக்கு மேலே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும். கிணற்று நீரிலும் போர் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளை அரிக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. டிராக்டருக்கு வேலை இல்லாத மாதங்களில் 15 நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது இஞ்சினை ஓட்டி வைக்கவும். நீண்ட நாள் நிறுத்துவதானால் எர்த் வயரைக் கழற்றிவிடவும்.

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். தீக்குச்சி கிழித்து வெளிச்சம் பார்ப்பதும், அருகில் பீடி புகைப்பதும் ஆபத்து. திராவகம் கண்ணிலோ மேலிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் அப்படியே டாக்டரிடம் போகவும். பழைய பாட்டரியை வீட்டில் உடைக்க வேண்டாம். ஈயம் குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. கடையில் திருப்பிக் கொடுத்தால் புதுப் பாட்டரியின் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

மே மாதம் பிறந்ததும் இந்தப் பரிசோதனைகளை ஒருமுறை செய்துவிடுங்கள். ரிப்பேர் இருந்தாலும் சரிசெய்ய நாள் இருக்கும்; அணை திறந்து தண்ணீர் வரும்போது வண்டியும் தயாராக நிற்கும்.