பாலமும் வீடும் பள்ளியும்

எர்ணாகுளம் நகருக்கு மேற்கே, வேம்பநாட்டுக் காயலின் நடுவே அமைந்த சிறு தீவு வல்லார்பாடம். மட்டாஞ்சேரிக் கரையிலோ கொச்சிக் கோட்டைக் கரையிலோ நின்று வடக்கே நோக்கினால், வானளாவிய பளுதூக்கிகள் வரிசையாகத் தெரியும். அவை வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்திற்கு உரியவை. அம்முனையத்தை 2011 பிப்ரவரி 11 அன்று அன்றைய இந்தியத் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். அதற்கு முன் வல்லார்பாடம் என்றால் மக்கள் நினைவுக்கு வந்தது அங்குள்ள அன்னை மரியாள் பேராலயம் மட்டுமே. 1752-இல் புயலில் கவிழ்ந்த படகிலிருந்து மீனாட்சியம்மா என்னும் பெண்ணும் அவருடைய குழந்தையும் அன்னையின் அருளால் உயிர் பிழைத்தனர் என்பது அவ்வாலயத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. படகு கவிழ்வது அத்தீவு மக்களுக்கு என்றும் இருந்த அச்சம். ஏனெனில் 2004 வரை அங்குப் பாலம் இல்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் காயலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டன. எர்ணாகுளத்தையும் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் ஆகிய தீவுகளையும் அவை இணைத்தன. அப்பாலங்களுக்கான பணம் வந்த வழி வியப்புக்குரியது. நகரக் கரையை ஒட்டிய காயற்பகுதி மண்ணிட்டு நிரப்பப்பட்டது. அவ்வாறு கிடைத்த நிலத்தை விற்ற பணம் பாலங்களுக்குப் பயன்பட்டது. நகரத்தில் அடுக்குமாடிகள் எழ நிலம் கிடைத்தது. தீவுக்குப் பாலம் கிடைத்தது. இருதரப்பும் பெற்ற வளர்ச்சிக்கு இதை எடுத்துக்காட்டாகக் கூறலாம். எல்லா வளர்ச்சியும் இவ்வாறு அமைவதில்லை.

சரக்குப் பெட்டக முனையத்திற்கு அகன்ற சாலையும் இருப்புப்பாதையும் தேவைப்பட்டன. இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடம் வரை சற்றேறக்குறைய 9 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை இடப்பட்டது. அதில் 4.62 கிலோமீட்டர் நீரின்மேல் செல்லும் பாலம். கட்டி முடிக்கப்பட்டபோது இந்தியாவின் மிக நீளமான இரயில் பாலம் அதுவே. பொது அறிவு நூல்களில் இடம்பெறும் செய்தி இது. அந்நூல்களில் இடம்பெறாத செய்தி ஒன்றும் உண்டு. அப்பாதைக்காகவும் சாலைக்காகவும் மூலம்பிள்ளி, முளவுகாடு, வடுதலை, சேரானல்லூர், ஏலூர் முதலிய ஊர்களில் 316 குடும்பங்கள் தம் வீட்டையும் நிலத்தையும் இழந்தன.

2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளித் தீவில் காவலர் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் மீன்பிடிப்போர், கூலி வேலை செய்வோர், சிறுநிலம் உடையோர். வீட்டை இழந்தவர்கள் போராடினர். கேரள மக்களில் பலரும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஆறு வாரங்கள் கடந்து, 2008 மார்ச் 19 அன்று கேரள அரசு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை ஆணையாக வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் வீட்டுமனை, அங்கே சாலை, குடிநீர், மின்சாரம், வீடு கட்டும்வரை மாதந்தோறும் வாடகைப் பணம், குடும்பத்தில் ஒருவருக்குத் திட்டத்திலேயே வேலை என அவ்வாணையில் பல உறுதிமொழிகள் இருந்தன.

இழப்பீடு என்பதும் மறுவாழ்வு என்பதும் ஒன்றல்ல. எடுத்த நிலத்திற்கு விலை தருவது இழப்பீடு. அந்நிலத்தில் வாழ்ந்தவர் மற்றோர் இடத்தில் முன்போல் வாழ வழிசெய்வது மறுவாழ்வு. இரண்டு சென்ட் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவருக்கு நிலத்தின் விலையை மட்டும் கொடுத்தால், அத்தொகைக்கு நகரின் அருகில் வேறு மனை வாங்க இயலாது. காயலின் கரையில் இருந்த வீடு அவருக்கு உறங்கும் இடம் மட்டுமன்று; படகு கட்டும் துறை, வலை உலர்த்தும் முற்றம், கடன் கொடுக்கும் அண்டை வீடு, பிள்ளை நடந்து செல்லும் தொலைவில் பள்ளி என யாவும் அதனோடு சேர்ந்தவை. இவற்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் விலை எழுதப்படவில்லை. அன்று நடைமுறையில் இருந்தது ஆங்கிலேயர் காலத்து 1894 ஆம் ஆண்டுச் சட்டம். அது இழப்பீட்டைப் பற்றியே பேசிற்று. மறுவாழ்வைக் கட்டாயம் ஆக்கவில்லை. இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த இத்தகைய போராட்டங்களின் பின்னரே, 2013-இல் மறுவாழ்வையும் மறுகுடியமர்வையும் உள்ளடக்கிய புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அது 2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மூலம்பிள்ளி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட மனைகளில் பல, துதியூர் போன்ற இடங்களில் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பி உருவாக்கப்பட்டவை. அங்குக் கட்டிய வீடுகளில் சில சாய்ந்தன, சுவர்கள் விரிந்தன. கட்டியவர் நிலை இது என்றால் கட்ட அஞ்சியவர் நிலை வேறு. பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் பெரும்பாலான குடும்பங்கள் தமக்கென ஒதுக்கிய மனையில் குடியேறவில்லை. வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் அவை வாழ்ந்தன. வெளியேற்றப்பட்ட நாளில் முதல் வகுப்பில் இருந்த குழந்தை, பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரி வயதையும் கடக்கும் காலம் அது. அரசாணை ஒன்றின் தாமதத்தை அலுவலகங்கள் கோப்புகளின் எண்ணிக்கையால் அளக்கலாம். குடும்பங்கள் அதைப் பிள்ளைகளின் வயதால் அளக்கின்றன.

துறைமுகத்தின் கதையில் தமிழருக்கும் பங்கு உண்டு. இராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1920-இல் கொச்சிக்கு வந்து, முகத்துவாரத்தின் மணல்திட்டை அகழ்ந்து ஆழமான துறைமுகத்தை அமைத்தார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் உட்துறைமுகத்திற்குள் வந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணால் உருவானதே வெலிங்டன் தீவு. துறைமுகம் வளர்ந்தபோது தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கூலி வேலை தேடி மக்கள் வந்தனர். வெலிங்டன் தீவின் அருகில் உள்ள வாத்துருத்தியில் அவர்கள் தங்கினர். பின்னர்க் கட்டட வேலைக்கு வந்தவர்களும் அங்கேயே சேர்ந்தனர். இன்றும் அங்குச் சிறு சிறு அறைகளில் வாடகைக்கு வாழும் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். விடியற்காலையில் சாலையோரம் கூடி நின்று, அன்றைய வேலைக்கு அழைப்பவரை எதிர்நோக்குவது அங்குள்ளோர் வழக்கம். அதற்கும் நெடுங்காலம் முன்பே, டச்சுக்காரர் ஆட்சியில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழித்தோன்றல்கள் கொச்சிக் கோட்டையின் வெளிப்பகுதியில் வாழ்கின்றனர். அங்குள்ள சலவைக்கூடத்தைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க வருவதுண்டு.

ஊர் விட்டு ஊர் செல்வதில் இருவகை உண்டு. கடற்படையிலோ இரயில்வேயிலோ வருமானவரி அலுவலகத்திலோ பணிபுரியும் ஒருவர் மாற்றல் ஆணை பெற்றுக் கொச்சிக்கு வருகிறார். பயணச் செலவு, குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றுக்கு ஏற்பாடு உண்டு. கட்டடத் தொழிலாளி ஒருவர் மேத்திரி சொன்ன சொல்லை நம்பி அதே இரயிலில், முன்பதிவில்லாப் பெட்டியில் வருகிறார். இருவர் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளே. இருவருக்கும் மலையாளம் புதிது. முதலாமவர் பிள்ளையின் இடர்ப்பாட்டை நாடு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. அடிக்கடி மாற்றல் பெறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கக் கூடாது என்பதற்காகவே 1962 நவம்பரில் மத்தியப் பள்ளித் திட்டத்திற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. 1963-இல் 20 படைப்பிரிவுப் பள்ளிகளோடு அது தொடங்கிற்று. எந்த மாநிலத்திற்குச் சென்றாலும் ஒரே பாடத்திட்டம், அதே இருமொழிப் பயிற்றுமுறை. ஆண்டின் நடுவிலும் சேர்க்கை. இது சலுகை என்று எவரும் கருதுவதில்லை. தேவை என்றே கருதுகின்றனர். சரியான கருத்தே அது. அதே தேவை தொழிலாளியின் பிள்ளைக்கும் இருக்கிறது என்பதுதான் இங்குக் கவனிக்க வேண்டியது. தந்தையின் வேலை முடிந்தவுடன் அப்பிள்ளையும் இடம் மாறுகிறது. எந்த ஆணையும் அதன் கையில் இருப்பதில்லை.

இத்தேவையை உணர்ந்து எர்ணாகுளம் மாவட்டத்திலேயே ஒரு முயற்சி எழுந்தது. வங்காளம், ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்ந்தனர். எனினும் ஆசிரியர் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. சில நாளில் அவர்கள் பள்ளிக்கு வருவது நின்றுவிடும். 2017-இல் மாவட்ட நிருவாகம் ‘ரோஷ்ணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஏலூருக்கு அருகில் உள்ள பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்த முயற்சியே அதற்கு முன்மாதிரி. பள்ளி தொடங்கும் முன் ஒன்றரை மணி நேரம் தனி வகுப்பு. குழந்தையின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர் ஒருவர் முதலில் அம்மொழியிலேயே பேசி, சிறிது சிறிதாக மலையாளச் சொற்களைக் கலந்து கற்பிப்பார். தாய்மொழியைத் தள்ளிவிட்டு மலையாளத்தைத் திணிப்பது அதன் முறையன்று. தாய்மொழியையே படியாக்கி மலையாளத்திற்கு ஏற்றுவது. அத்துடன் காலை உணவும் வழங்கப்பட்டது. பெற்றோர் விடியுமுன் வேலைக்குச் சென்றுவிடுவதால் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அவ்வுணவு இன்றியமையாததாயிற்று.

பசித்த பிள்ளை படிக்க இயலாது என்பதைத் தமிழகம் முன்பே கண்டறிந்தது. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் தழுவிய திட்டமாக வளர்ந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசின் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கப்படுகிறது. இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். உணவு பந்தியில் பரிமாறப்படுகிறது. யார் வீட்டில் என்ன இல்லை என்று எவரும் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளையைத் தனியே அழைத்து நிறுத்திக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. குறிப்பேடும் பையும் வழங்கும் விழாக்களில், வாங்கும் பிள்ளையை மேடையில் நிறுத்தி நிழற்படம் எடுக்கும் வழக்கம் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் அடுத்த நாள் செய்தித்தாளில் வரும். வாங்கிய பிள்ளையின் முகமும் வரும். அப்பிள்ளை மறுநாள் அதே வகுப்பில் அதே தோழர்களோடு அமர வேண்டும் என்பதைக் கொடுப்பவர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளரை ‘அதிதித் தொழிலாளர்’ என்று குறிப்பிடுகிறது. அதிதி என்றால் விருந்தினர். மதிப்பான சொல்தான். எனினும் விருந்தினருக்கு வீட்டில் உரிமை இல்லை. உபசாரம் மட்டுமே உண்டு. வாடகை ஒப்பந்தம் இன்றி ஓர் அறையில் ஐந்தாறு பேராய் வாழ்பவருக்கு முகவரிச் சான்று கிடைப்பதில்லை. முகவரி இல்லையேல் குடும்ப அட்டையை மாற்ற இயலாது. அட்டை சொந்த ஊரில், வயிறு இங்கே. இதனைப் போக்க ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ ஏற்பாடு வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டை உடையவர், நாட்டின் எந்த நியாயவிலைக் கடையிலும் தம் பங்குத் தானியத்தைப் பெறலாம். மாநில அரசு தன் செலவில் வழங்கும் பிற அட்டைகளுக்கு இது பொருந்தாது. ஆகவே ஒருவர் அட்டை எவ்வகையைச் சார்ந்தது என்று அறிந்து சொல்வதே ஒரு குடும்பத்திற்குச் செய்யும் பெரிய உதவியாகிவிடுகிறது. கடையில் விரல்ரேகை வைத்தால் போதும் என்பதை அறியாமல் சந்தை விலைக்கு அரிசி வாங்குவோர் உளர்.

பள்ளிச் சேர்க்கையிலும் இதே நிலை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. தனியார் பள்ளிகள் மட்டுமின்றிக் கேந்திரிய வித்யாலயங்களும் முதல் வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. குலுக்கல் முறையில் அவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இதனால் அதிகாரியின் பிள்ளையும் அவர் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளையும் ஒரே விசுப்பலகையில் அமர வாய்ப்பு உண்டு.

அச்சட்டத்தின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறும் குழந்தையிடம் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிறப்புச் சான்று இல்லை என்பதாலும் மறுக்கக் கூடாது. படிப்பு இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்த்து, மற்றவரோடு ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். வாத்துருத்தியில் வாழும் ஒரு தாய் தன் மகளை ஆண்டின் நடுவில் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார் என்று கொள்வோம். சான்றிதழ் தமிழகத்துச் சிற்றூர்ப் பள்ளியில் இருக்கிறது. அதை வாங்கச் சென்று வர இரண்டு நாள் கூலி போகும்; இரயில் கட்டணமும் ஆகும். சட்டத்தின் இவ்விதியை அவர் அறிந்திருந்தால், அல்லது அறிந்த ஒருவர் அவரோடு உடன் சென்று பள்ளி அலுவலகத்தில் மலையாளத்தில் எடுத்துச் சொன்னால், அச்சிறுமி அன்றே வகுப்பில் அமரலாம். சான்றிதழைப் பிறகு அஞ்சலில் வரவழைத்துக் கொள்ளலாம்.