விடியுமுன் திறக்கும் கடைகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, நன்றி தெரிவிக்கும் திருநாள். உற்றாரும் உறவினரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, வான்கோழி விருந்துண்டு, வருஷம் முழுவதும் தமக்குக் கிடைத்தவற்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் அந்த நாள் கழிந்து மறுநாள் பொழுது விடிவதற்குள், அதே ஜனங்களில் பலர் கடைவாசல்களில் வரிசை கட்டி நிற்கிறார்கள். இருப்பது போதும் என்று வியாழனன்று சொன்ன வாய், வெள்ளியன்று இன்னும் வேண்டும் என்கிறதே என்று அங்குள்ளவர்களே நெடுங்காலமாகத் தங்களைக் கேலி செய்துகொள்கிறார்கள். அந்தக் கேலியில் பாதி நியாயந்தான் உண்டு. வாங்க வருகிறவர்களின் ஆசையை மட்டும் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அந்த ஆசைக்கு நாளும் நாழிகையும் குறித்துக் கொடுத்தவர்களையும், அதன் பாரத்தை இரவெல்லாம் நின்ற காலில் நின்று சுமக்கிற கடைச் சிப்பந்திகளையும் பார்ப்பதில்லை.

பண்டிகைக்காகக் கடை திறப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். கடைக்காகப் பண்டிகையையே நகர்த்தி வைத்த விந்தை அமெரிக்காவில் நடந்தது. உள்நாட்டு யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1863-ஆம் வருஷத்தில் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழனை நன்றி தெரிவிக்கும் நாளாகப் பிரகடனம் செய்தார். அவருக்குப் பின் வந்த ஜனாதிபதிகளும் பெரும்பாலும் அந்தக் கிரமத்தையே அனுசரித்து வந்தார்கள். அந்தத் திருநாள் கழியும் வரையில் கிறிஸ்துமஸ் விற்பனையைப் பற்றி விளம்பரம் செய்வது மரியாதையல்ல என்பது வியாபாரிகளுக்குள் எழுதாத சட்டமாக இருந்தது. 1939-இல் நவம்பருக்கு ஐந்து வியாழக்கிழமைகள் வாய்த்தன. கடைசி வியாழன் முப்பதாம் தேதியில் போய் விழுந்தது. பொருளாதார மந்தத்திலிருந்து தேசம் இன்னும் முழுதும் தலையெடுக்காத அந்தச் சமயத்தில், கிறிஸ்துமஸுக்கு முன் கிடைக்கும் விற்பனை நாட்கள் இப்படிச் சுருங்கிப் போனால் தாங்காது என்று ஓஹையோவின் பெருவணிகர் ஃபிரெட் லாசரஸ் முதலியோர் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திருநாளை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்து, 23-ஆம் தேதியில் வைத்துவிட்டார். நாடே இரண்டுபட்டது. ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் ஜனாதிபதியின் வியாழனையும் மற்றப் பாதி பழைய வியாழனையும் கொண்டாட, டெக்ஸாஸ் போன்ற சில மாநிலங்கள் யாருடைய பொல்லாப்பும் வேண்டாமென்று இரண்டையும் கொண்டாடின. கடைசியில், 1941 டிசம்பரில், நான்காவது வியாழனே திருநாள் என்று காங்கிரஸ் சபை சட்டம் செய்து சச்சரவைத் தீர்த்தது. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் ஜோசியர்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாளைக்குக் ‘கறுப்பு வெள்ளி’ என்ற பெயர் பரவியது பிலடெல்பியா நகரத்தில். அங்கே கிம்பெல்ஸ் என்ற பெரிய கடை 1920-லேயே திருநாள் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. நியூயார்க்கில் மேசீஸ் அதே காரியத்தை 1924-இல் தொடங்கியது. ஊர்வலத்தின் கடைசியில் கிறிஸ்துமஸ் தாத்தா எழுந்தருளுவார். நாளைக் காலையில் கடைக்கு வாருங்கள் என்று சொல்வதற்கு அதைவிடச் சாமர்த்தியமான அழைப்பு வேறு இல்லை. 1950-களில் திருநாளை அடுத்து வரும் சனிக்கிழமைகளில் பிலடெல்பியாவில் தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடப்பதுண்டு. அதற்காக வெள்ளியன்றே வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும், புறநகர்க் குடும்பங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வரும், மோட்டார் வண்டிகள் நகர முடியாமல் நிற்கும், கைவரிசைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். போலீஸ்காரர் ஒருவருக்கும் அன்று விடுமுறை கிடையாது. அந்த எரிச்சலில் அவர்கள் இட்ட பெயர்தான் அது. இப்படி அபசகுனமான ஒரு பெயர் வியாபாரத்துக்கு ஆகாதென்று பயந்த கடைக்காரர்கள், 1961-இல் அதைப் ‘பிக் ஃபிரைடே’ என்று மங்களகரமாக மாற்றிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஆண்டு முழுவதும் சிவப்பு மையில் நஷ்டக் கணக்கு எழுதிய கடைகள் அன்றுதான் கறுப்பு மையில் லாபக் கணக்கு எழுதத் தொடங்குகின்றன என்று இப்பொழுது எல்லோரும் சொல்லும் வியாக்கியானம் 1980-களில் கட்டிவிடப்பட்டது. கேட்க அழகாயிருக்கிறது, சரித்திரத்தில் அதற்கு ஆதாரமில்லை.

கூட்டம் தானாகக் கூடுவதில்லை, கூட்டப்படுகிறது. அதற்கு வியாபாரிகள் கையாளும் உபாயம், விலையைக் கண்டால் ஜனங்கள் கதவையே உடைத்துக்கொண்டு வருவார்கள் என்ற பொருளில் ‘டோர்பஸ்டர்’ என்று அவர்கள் சொல்லும் சரக்கு. பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை, அசலுக்கும் குறைந்த விலையில்கூட, விளம்பரத்தின் முதல் பக்கத்தில் போடுவார்கள். அதே விளம்பரத்தின் அடியில், பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில், ஒரு கடைக்கு இத்தனைதான் இருப்பு என்று குறித்திருக்கும். பத்துப் பெட்டிக்கு இருநூறு பேர் நின்றால், கிடைக்காத நூற்றுத் தொண்ணூறு பேரும் வெறுங்கையோடு திரும்பப் போவதில்லை. குளிரில் இரவெல்லாம் நின்றதற்கு எதையாவது வாங்கினால்தான் மனம் ஆறும். பெட்டி கிடைத்த பத்துப் பேரும் அதோடு வேண்டிய கம்பியும் சுவரில் மாட்டும் சட்டமும் வாங்குவார்கள். லாபம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியேகூடச் சில சமயம் இந்த விற்பனைக்கென்றே சில வசதிகளைக் குறைத்துத் தயாரித்ததாக இருக்கும். வேறு கடையில் விலை விசாரிக்கலாமென்றால் அந்தப் பெட்டியின் மாடல் எண்ணே வேறெங்கும் இருக்காது. பழைய விலை என்று அடித்துக் காட்டும் விலை, அந்தப் பொருளை நியாயமான காலம் உண்மையாகவே விற்பனைக்கு வைத்திருந்த விலையாக இருக்க வேண்டுமென்று அமெரிக்க வாணிப ஆணையத்தின் நெறிமுறை சொல்கிறது. ஆனால் விடியற்காலையில் தள்ளுமுள்ளில் நிற்பவனுக்கு அதையெல்லாம் யோசிக்க ஏது அவகாசம்? அவகாசம் கொடுக்காமலிருப்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

இனிக் கடைக்குள் வருவோம். அக்டோபர் முதற்கொண்டே கடைகள் பல லட்சம் பேரைத் தற்காலிகமாக வேலைக்கு எடுக்கின்றன. மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஏற்கெனவே ஒரு வேலையிலிருந்து அதன் சம்பளம் போதாதவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் சேருகிறார்கள். கல்லாப் பெட்டியை இயக்கச் சொற்பப் பயிற்சியோடு தளத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அந்த வாரத்தில் மட்டும் யாரும் விடுப்புக் கேட்கக் கூடாது என்பது அநேகக் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவிடும் நிபந்தனை. திருநாளன்று தூங்கப் போக வேண்டிய நேரத்தில் அவர்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். நடைபாதைகளின் நடுவே, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிய சரக்கு அடுக்குகள் மரப் பலகைகளின் மேல் நிற்கும். குறித்த மணிக்கு முன்னால் யாரும் கிழிக்காதபடி பக்கத்தில் ஒரு சிப்பந்தி காவல் நிற்க வேண்டும். மணி அடித்ததும் அந்தத் தாள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் சென்னை ரங்கநாதன் தெருவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அது தானே விளங்கும்.

துணிப் பகுதியின் கதை வேறு. வரிசை வரிசையாக மடித்து அடுக்கிய கம்பளிச் சட்டைகளை, அடியிலிருக்கும் அளவு வேண்டுமென்று ஒருவர் உருவ, அடுக்கு முழுவதும் சரியும். சிப்பந்தி குனிந்து எடுத்து மடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் உருவுவார். உடை மாற்றிப் பார்க்கும் அறைகளில் போட்டுப் பார்த்துவிட்டுப் போட்டபடியே விட்டுப் போகும் துணிகளைக் கூடை கூடையாக அள்ளி, ஒவ்வொன்றையும் அதனதன் தாங்கியில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். கல்லாவில் நிற்பவளுடைய பாடு இன்னும் மோசம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசை நீண்டிருக்கும்போதும், வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் எங்கள் கடையின் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கிறீர்களா, இன்றைய பில்லில் கழிவு உண்டு என்று அவள் சிரித்த முகத்தோடு கேட்டாக வேண்டும். இத்தனை அட்டை சேர்த்தாயா என்று மேலாளர் கணக்குப் பார்க்கும் கடைகள் பல. அவள் கேட்கும் அந்த வினாடியில் வரிசையிலிருக்கும் அத்தனை பேரும் அவளை முறைக்கிறார்கள். கேட்கச் சொன்னவர் அங்கே இல்லை. தேதி கடந்த கூப்பனை நீட்டி வாதாடுகிறவருக்கு விலையைத் திருத்திக் கொடுக்கலாமென்றாலோ, அதற்கு அனுமதிக்கும் அதிகாரம் அவளிடம் இல்லை. அதையுடைய மேற்பார்வையாளர் வேறொரு கல்லாவில் மாட்டிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும். நவம்பரில் கேட்கத் தொடங்கிய பாட்டை டிசம்பர் 25 வரையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்டவர்களிடம் அந்தப் பண்டிகையின் இனிமையைப் பற்றிப் பேசுவது கூடாது என்பது என் அபிப்பிராயம். கடை மூடிய பிறகும் வேலை முடிவதில்லை. கலைந்த தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் அந்தக் கடைசி வேலைக்கு ‘ரிகவரி’ என்று பெயர்.

இதற்கெல்லாம் இரட்டைக் கூலி உண்டல்லவா என்று நம்மவர் கேட்பார்கள். கட்டாயமில்லை. 1938-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் தொழிற்சட்டப்படி, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால்தான் ஒன்றரை மடங்கு கூலி. பண்டிகை நாளில் உழைத்ததற்கென்று அதிகம் கொடுக்க அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்பது 2009-க்குப் பின் ஏறவேயில்லை. பல மாநிலங்கள் அதைவிட அதிகம் விதித்திருக்கின்றன, பெரிய கடைகளும் அதிகமாகவே கொடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் கடைகள் அதிகம் கொடுப்பது அவர்களாக மனம் வைத்துக் கொடுப்பது.

2008 நவம்பர் 28-ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரின் வால்மார்ட் கடைவாசலில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்குமென்று ஏறக்குறைய 2,000 பேர் காத்திருந்தார்கள். பின்னாலிருந்தவர்கள் நெருக்க, கண்ணாடிக் கதவுகள் பெயர்ந்து விழுந்தன. ஆஜானுபாகுவான உடம்பு என்பதால் வாசலில் நிறுத்தப்பட்டிருந்த 34 வயதுத் தற்காலிக ஊழியர் ஒருவர் கூட்டத்தின் காலடியில் விழுந்து இறந்து போனார். கூட்டத்தைச் சமாளிக்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. தொழிலாளர் பாதுகாப்பு இலாகா கடைக்கு விதித்த அபராதம் 7,000 டாலர். அதையும் எதிர்த்து அந்த ஸ்தாபனம் வருஷக்கணக்காக வழக்காடியது, தொகைக்காக அல்ல, இத்தகைய கூட்டம் ஓர் அபாயம் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிடக் கூடாதே என்பதற்காக. 2015-இல்தான் வழக்கை விட்டது. அந்தச் சாவுக்குப் பின், வரிசைக்குத் தடுப்பு கட்டுவது, முன்கூட்டியே எண்ணிட்ட சீட்டோ கைப்பட்டையோ கொடுத்துவிடுவது, சரக்குத் தீர்ந்தால் உடனே அறிவிப்பது என்று அரசாங்கம் கடைகளுக்கு யோசனைகள் வெளியிட்டது. சீட்டுக் கையிலிருந்தால் ஒருவனும் ஓட மாட்டான். அவ்வளவு சுலபமான பரிகாரத்துக்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் கடைகள் அடங்கவில்லை. திறக்கும் நேரம் விடியற்காலையிலிருந்து நள்ளிரவுக்கும், நள்ளிரவிலிருந்து வியாழன் மாலைக்கும் நகர்ந்து, விருந்து மேஜையையே தொட்டது. பழைய சமயாசாரச் சட்டங்களின் மிச்சத்தால் மாசசூசெட்ஸ், மெயின், ரோட் ஐலண்ட் என்ற மூன்று மாநிலங்களில் மட்டும் பெரிய கடைகள் திருநாளன்று திறக்க முடியவில்லை. மலையேற்றச் சாமான் விற்கும் ஆர்.இ.ஐ. என்ற கூட்டுறவு ஸ்தாபனம் 2015-இல் நேர்மாறான வழியில் போய், வெள்ளிக்கிழமையன்றே கடைகளை மூடி, ஊழியர்களுக்குச் சம்பளமும் கொடுத்தது. அது பைத்தியக்காரத்தனம் என்று கருதியவர்களும் உண்டு. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது வால்மார்ட்டும் டார்கெட் என்ற இன்னொரு பெருங்கடை ஸ்தாபனமும் வியாழனன்று கதவைச் சாத்தின. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வருஷமே டார்கெட், இனி எந்த வியாழனும் திறப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. போட்டியால் தவிர்க்க முடியாதது என்று பத்து வருஷம் சாதித்து வந்தது எவ்வளவு தவிர்க்கக் கூடியதாக இருந்தது!

இப்பொழுது வாசலில் கூட்டம் குறைந்திருக்கிறது. 2005-இல் ‘சைபர் மண்டே’ என்று ஒரு திங்கட்கிழமைக்குப் பெயர் வைத்து இணைய வியாபாரத்துக்குத் தனி நாள் கொடுத்தார்கள். பிறகு வெள்ளியும் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. 2024-இன் கறுப்பு வெள்ளியன்று அமெரிக்கர்கள் இணையத்தில் மட்டும் 1,080 கோடி டாலருக்குப் பொருள் வாங்கினார்கள் என்பது அடோபி ஸ்தாபனத்தின் கணக்கு. நெரிசல் ஒழிந்துவிடவில்லை, நம் கண்ணுக்குத் தெரியாத கிடங்குகளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அங்கே இந்தப் பருவத்தில் கட்டாயக் கூடுதல் நேரத்தோடு வாரத்துக்கு 60 மணி நேரம் வரையில் வேலை வாங்குவது சகஜம்.

சம்பளத்தையும் நேரத்தையும் விட்டுத் தள்ளினாலும், உட்கார ஒரு நாற்காலி என்ற சின்ன விஷயம் மிஞ்சுகிறது. அமெரிக்கக் கடைகளில் கல்லாவில் இருப்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்டி கடைகளிலோ உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள், அங்கே வரிசை ஒன்றும் மெதுவாக நகர்வதாகக் காணோம். கலிபோர்னியாவில் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருக்கை தர வேண்டும் என்று நெடுநாளாக விதி இருந்தும், அதன் அர்த்தத்தை அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் 2016-இல் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலோ, கேரளத்தைப் பின்பற்றி, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டுமென்று சட்டமே வந்துவிட்டது. அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும்போது, புடவைகளை விரித்துக் காட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் அந்த நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், பில் போடுவதற்கு முன் முதலாளியிடம் எங்கே என்று கேளுங்கள்.