கோப்புறையும் முகவரியும்

பழைய நூலகங்கள் பலவற்றில், ஒரு நூல் நிற்கும் அலமாரித் தட்டின் எண்ணே அந்நூலின் அடையாளமாக இருந்தது. தட்டை மாற்றினால் எண்ணும் மாறும். பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்தவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். 1876-ஆம் ஆண்டில் மெல்வில் டியூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, இடத்தைக் கொண்டன்றிப் பொருளைக் கொண்டு எண் தந்து இத்தொல்லையை நீக்கிற்று. அதே தொல்லை இன்று வலைத்தளங்களில் மீண்டும் தலைகாட்டுகிறது.

கருவிகளின் இயக்கமுறை, மென்பொருள் விளக்கம் முதலியவற்றை வெளியிடும் ஆவணத் தளங்கள் பல, நிலைத்தளம் என்னும் வகையைச் சார்ந்தவை. எழுத்துக் கோப்புகளைக் கோப்புறைகளில் அடுக்கி வைத்தால், 2013-ஆம் ஆண்டில் தோன்றிய ஹ்யூகோ போன்ற மென்பொருள்கள் அவற்றை முன்கூட்டியே பக்கங்களாக ஆக்கித் தருகின்றன. 'கன்டென்ட்' என்னும் தாய்க் கோப்புறைக்குள் 'கருவிகள்' என்றோர் உட்கோப்புறையும், அதனுள் 'வெப்பமானி' என்றொரு கோப்பும் இருப்பின், அவ்விரு பெயர்களே அவ்வரிசையில் பக்கத்தின் முகவரியாகிவிடும். ஆகவே கோப்புறைக்குப் பெயரிடுபவர், தம்மையறியாமலே, வாசகர் குறித்து வைக்கப்போகும் முகவரியை எழுதுகிறார்.

அலுவலகப் பிரிவுகளின் பெயரால் கோப்புறைகளை வகுப்பது பலர் செய்யும் பிழை. பிரிவுகள் இணையும், பிரியும், பெயர் மாறும். வெப்பமானி வெப்பமானியாகவே இருக்கும். ஆண்டின் பெயரால் வகுப்பது அறிக்கைகளுக்குப் பொருந்துமேயன்றி விளக்கக் கட்டுரைகளுக்குப் பொருந்தாது. வாசகர் எதைத் தேடி வருகிறாரோ அதுவே பெயராதல் வேண்டும்.

வரிசைக்காகக் கோப்பின் பெயருக்கு முன் 01, 02 என எண்ணிடுவோரும் உளர். நடுவே ஒன்று புதிதாகப் புகுந்தால், அதற்குப் பின்னுள்ள முகவரிகள் யாவும் மாறிவிடும். வரிசையைக் கோப்பின் தலைப்பகுதியில் 'வெயிட்' என்னும் குறிப்பில் காட்டுவதே முறை. அதிலும் 10, 20, 30 என இடைவெளி விடுதல் நன்று.

ஹ்யூகோவில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிரிவின் முகப்புக் கோப்பு 'இன்டெக்ஸ்' என்னும் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு பெற்றிருத்தல் வேண்டும். அக்கோடு விடுபட்டால் கோப்புறை முழுவதும் ஒரே பக்கமாகக் கொள்ளப்படும். உடனிருக்கும் கட்டுரைகள் தனிப் பக்கங்களாக வெளிவரா. எழுதியவர் தம் கட்டுரை எங்கே போயிற்று என்று வியந்துகொண்டிருப்பார்!

ஒரு பக்கத்தை இடம் மாற்றியே தீரவேண்டுமெனில், அதன் பழைய முகவரியை 'ஏலியாஸஸ்' என்னும் குறிப்பில் எழுதி வைக்கலாம். பழைய இடத்தில், வாசகரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் சிறு பக்கம் ஒன்று உண்டாகும். வேலை ஒரு வரிதான். ஆயினும் அச்சிட்ட கையேட்டில் ஏறிவிட்ட முகவரியைப் பின்னர் திருத்த இயலாதாகையால், கருவி பழுதுற்ற வேளையில் அக்கையேட்டைப் பிரிக்கும் ஆய்வுக்கூட உதவியாளருக்கு அவ்வொரு வரி இல்லாவிடில் கிட்டுவது 404 என்னும் எண் மட்டுமே.