இரு ஊசியும் ஒரு நூலும்

பாடசாலைப் பிள்ளையின் தோற்பையைச் சிறிது உற்றுப் பார்த்தால் ஓருண்மை புலப்படும். அப்பை பழுதுபட்டுப் பயனற்றுப் போகும்போது முதலிற் கெடுவது பெரும்பாலும் தோலன்று, தையலே. வார் பையோடு சேருமிடத்தில் ஒரு நூல் அறும். மறுநாள் அதனையடுத்த தையல் விடுபடும். ஒரு கிழமைக்குள் வார் முழுவதும் கழன்று தொங்கும். இன்னும் பல ஆண்டுகள் உழைக்கவல்ல தோல், ஒரு முழ நூலின் பொருட்டுக் குப்பைக்குச் செல்கின்றது. கெட்டது நூலா, அன்றித் தைத்த முறையா என்று ஆராயப் புகுவோர்க்குக் கைத்தோல் தையல் என்னும் பழந்தொழிலின் உட்பொருள் விளங்கும்.

இயந்திரத் தையலில் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்று மேலிருந்து ஊசியோடு இறங்குவது. மற்றது கீழேயுள்ள நூற்கட்டையிலிருந்து வருவது. இரண்டும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொளுவிக் கொள்கின்றனவேயன்றி, ஒன்றேனும் தோலை முற்றாகக் கடந்து மறுபுறம் செல்வதில்லை. இவ்வகைத் தையல் இயந்திரத்துக்கு 1846ஆம் ஆண்டில் எலியாஸ் ஹோ என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதன் விரைவினால் உலகம் அடைந்த நன்மை பெரிது. ஆயினும் மேல்நூல் ஓரிடத்தில் அறுமாயின் கொளுவலும் அவ்விடத்தில் விடுபடும். இழுக்க இழுக்க அயலிலுள்ள தையல்களும் நெகிழும்.

கைத்தையலின் அமைப்பு வேறு. இங்கு நூல் ஒன்றே. அதன் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையினூடாகவும் இரண்டு ஊசிகளும், ஒன்று இடப்புறமிருந்தும் மற்றது வலப்புறமிருந்தும், எதிரெதிராகச் செல்லும். ஆகவே தோலின் இருபுறத்தும் நூல் மாறிமாறி ஓடும். ஒருபுறத்து நூல் தேய்ந்து அறுந்தாலும், மற்றை நூல் அதே துளைகளினூடே தோலை இறுகப் பற்றி நிற்கும். குதிரைச் சேணம் செய்வோர் கையாண்ட முறையாதலால் இதனைச் சேணத் தையல் என்பர். ஓடும் குதிரையின் மீது சேணவார் அறுமாயின் ஏறியிருப்பவனின் உயிருக்கே கேடு. அந்த அச்சமே இத்தையலை வளர்த்த ஆசான் எனலாம். 1837இல் பாரிஸ் நகரில் தியரி எர்மேஸ் என்பவர் குதிரைக் கலணைப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் இன்று கைப்பைகளுக்குப் பெயர் பெற்றிருக்கின்றது. அங்கும் இச்சேணத் தையல் கைவிடப்படவில்லை.

சொல்லக் கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இம்முறை, செய்யப் புகும்போது அத்துணை எளிதன்று. புதிதாய்க் கற்பவர் தைக்கும் முதற் காசுப்பை, முன்புறம் ஒருவாறு நேராகவும் பின்புறம் பாம்பு ஊர்ந்த தடம் போலவும் காணப்படும். விளிம்பு நார்நாராய்ப் பிரிந்திருக்கும். கற்பவர் தம் கை இதற்கு ஏற்றதன்று என்று சோர்வடைவார். ஆனால் இத்தொழிலில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தவுடன் குறையிற் பாதி நீங்கிவிடும். ஆகவே பிழைகளை வரிசையாக எடுத்து நோக்குதல் தகும்.

முதற் பிழை தோலைத் தெரிந்தெடுப்பதில் நேர்வது. பச்சைத் தோல் அழுகுமியல்பினது. அதனை அழுகாத தோலாக மாற்றுவதே பதனிடல். இதற்கு இருவழிகள் சிறந்தன. மரப்பட்டை, காய் முதலியவற்றிலுள்ள துவர்ச்சத்தை ஊறவைத்து ஏற்றுவது ஒன்று. அதற்குக் கிழமைகளும் மாதங்களும் செல்லும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடுவது மற்றொன்று. அது ஏறத்தாழ ஒரு நாளில் முடியும். 1884இல் அமெரிக்காவில் அகஸ்தஸ் ஷூல்ட்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். குரோமியத் தோல் மென்மையானது. நனைந்தாலும் எளிதிற் கெடாது. ஆனால் அதன் விளிம்பைத் தேய்த்து மெருகேற்றல் இயலாது. அழுத்திய வடிவத்தையும் அது ஏற்று நிற்பதில்லை. துவர்த்தோலோ ஈரத்தில் வளைந்து, உலர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும். கற்பவர் பலர் கடையில் மலிவாய்க் கிடைத்த மென்றோலை வாங்கி, அதன் விளிம்பை நாள்முழுதும் தேய்த்து ஏமாற்றமடைவர். குற்றம் கையினதன்று; தோலின் இயல்பை அறியாமையினது.

துவர்ப்பதனிடல் தமிழருக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல் கடல்கடந்த சந்தைகளிலும் பெயர் பெற்றிருந்தது. ஈழத்தின் வறண்ட நிலங்களிலும் மஞ்சட் பூவோடு நிற்கும் ஆவாரை அச்செடியேயாம். கடுக்காயும் அவ்வாறே துவர் மிக்கது. இக்கடுக்காயை நினைவிற் கொண்டால், கற்பவரை மயக்கும் வேறொரு புதிரும் அவிழும். ஈரமான துவர்த்தோலின் மேல் இரும்புக் கருவியைச் சற்றுநேரம் வைத்துவிட்டால், அவ்விடத்தில் கருநீலக் கறை படியும்; கழுவினாலும் போகாது. முன்னோர் கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதி என்னும் இரும்புப்பு சேர்த்து எழுதுமை காய்ச்சினார்கள் அன்றோ? துவரும் இரும்பும் கூடினால் மை பிறக்கும். தோலின் மீதும் நிகழ்வது அதுவே. புதுக்கறையாயின் எலுமிச்சஞ் சாறு அதனை ஓரளவு வெளுக்கச் செய்யும். ஈரத்தோலின் அருகே இரும்பை வையாதிருத்தலே அதனினும் நன்று.

இரண்டாவது பிழை துளையிடுதலில் உண்டாவது. தோலைத் தைக்கும் ஊசி கூர்மையற்றது. துளையிடுவது ஊசியின் வேலையன்று, குத்தூசியின் வேலை. குத்தூசியின் அலகு சாய்சதுர வடிவினது. அதனைச் சாய்வாகப் பிடித்துக் குத்தினால், தையல்கள் ஒருபடித்தாய்ச் சரிந்து அழகாய் அமையும். துளைகளின் இடைவெளியைக் கவராயத்தாலும் பற்சக்கரத்தாலும் முன்னரே குறித்தல் வேண்டும். கருவி வாங்க இயலாதவர் உணவுமேசை முட்கரண்டியைத் தோலில் அழுத்திப் புள்ளியிடுவதும் உண்டு. பைகளுக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் அளவானது. மிக நெருங்கிய துளைகள், கிழிப்பதற்கு வாய்ப்பாக முத்திரைத்தாளில் இட்ட துளைகளைப் போலத் தோலையே பலவீனப்படுத்தும். பின்புறத் தையல் பாம்பு போல் நெளிவதற்குக் காரணம், குத்தூசி தோலுக்குச் செங்குத்தாக நில்லாமையே. பின்னால் ஒரு தக்கையை வைத்து, கூர் எங்கே வெளிப்படுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குத்தினால் சில நாளிற் கை தானே நேர்படும். மழுங்கிய குத்தூசி வலிந்து தள்ளப்பட்டு வழிமாறும். சில வேளை விரலையும் பதம் பார்க்கும். ஆதலால் அலகைத் தீட்டி வைத்தல் தொழிலின் பகுதியேயன்றி அதற்குப் புறம்பானதன்று.

மூன்றாவது பிழை தைக்கும் ஒழுங்கிற் காணப்படுவது. எல்லாத் துளைகளிலும் ஒரே கை ஊசியே முதலிற் செல்லவேண்டும். ஒரு துளையில் இடக்கையும் அடுத்ததில் வலக்கையும் முந்தினால், தையலின் சாய்வு மாறி வரிசை குலைந்துவிடும். இரண்டாவது ஊசி நுழையும்போது, முன்னே சென்ற நூலைச் சிறிது பின்னிழுத்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் ஊசி நூலையே ஊடுருவிச் சிக்கலாக்கும். இருபுறமும் ஒரே அளவாக இழுத்து இறுக்குதல் அடுத்தது. மிக இறுக்கினால் மென்றோல் சுருங்கும். இறுக்காது விட்டால் நூல் மேலே எழும்பித் தேயும். தைக்கவேண்டிய நீளத்தின் நான்கு மடங்கு நூலும், ஊசி கோக்கச் சிறிது மிகுதியும் வேண்டும். தடித்த தோலுக்கு இன்னும் கூடும். பாதி வழியில் நூல் தீர்ந்த பின்னரே பலர் இக்கணக்கை மனங்கொள்வர். முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நிறுத்தினால் முடிச்சு வேண்டியதில்லை. லினன் நூலைத் தேன்மெழுகிற் பலமுறை இழுத்துப் பயன்படுத்துதல் பழைய வழக்கு. இன்று மெழுகேற்றிய பொலியெஸ்டர் நூலும் பெரிதும் பயிலுகின்றது.

இறுதியாக விளிம்பு. இரு துண்டுகளையும் ஒட்டி, சமமாக வெட்டி, அரத்தாளால் தேய்த்து, சிறிது நனைத்து, மரத்துண்டாலோ தடித்த துணியாலோ விரைந்து உரைஞ்சினால், துவர்த்தோலின் நார்கள் ஒன்றோடொன்று படிந்து மெருகேறும். இங்கே பிழைப்பது பெரும்பாலும் நீரின் அளவு. மிக நனைந்த விளிம்பு பிசைந்த மாவைப்போற் சரியும்; உலர்ந்த விளிம்போ எவ்வளவு தேய்த்தாலும் மெருகு கொள்ளாது. செய்து முடித்த பொருளைக் காற்றுப் புகாத பொலித்தீன் உறையில் மூடி வைத்தல் நம் நாட்டுக்கு ஒவ்வாது. மழைக்காலத்து ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான இடமே தோலுக்கு ஏற்றது.

இவ்வளவையும் ஒருவர் தாமாகவே பிழைத்துப் பிழைத்து அறிய முயன்றால் வாழ்நாள் போதாது, தோலும் வீணாகும். தோல் ஓர் உயிரின் உடலிலிருந்து வந்த பொருள் என்பதையும் மறத்தலாகாது. ஆகவேதான் பிறர் அறிவுரை இத்தொழிலுக்கு இன்றியமையாதது. ஆனால் அவ்வறிவுரை எல்லார்க்கும் எக்காலத்தும் கிடைத்ததில்லை. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம், கைத்தொழில் பயில்வோன் ஏழாண்டு ஒரு தொழிலாளியிடம் பணிபுரிய வேண்டுமென விதித்தது. அவ்விதி 1814இலேயே நீக்கப்பட்டது. அங்கே கதவு சட்டத்தால் அடைபட்டிருந்தது. நம்மிடையே அது சாதியால் அடைபட்டிருந்தது.

புறநானூற்றின் 82ஆம் பாட்டு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சாத்தந்தையார் என்னும் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவைக் கூறப் புகுந்தபோது, கட்டிலுக்கு வார் பிணைக்கும் ஒரு தொழிலாளியின் கையை உவமையாகக் கொண்டார். ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேற்று வேளை, வெளியிலே மழை, பொழுதும் சாய்கின்றது. அந்நிலையில் கட்டிலை முடிக்க முனைந்தவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அதனினும் விரைவாக அரசன் போர் முடிந்ததாம். ஓர் அரசனின் ஆற்றலுக்கு அளவுகோலாகத் தகுந்தது அந்தக் கை. எனினும் அக்கைக்குரியவனைக் குறிக்கப் பாட்டில் வந்த சொல்லோ, இழிந்தவன் என்னும் பொருளது. கைவினையை வியந்து, கைவினைஞனை விலக்கிய மனப்பான்மை அத்துணைப் பழமை வாய்ந்தது. அதனால் விளைந்த இழப்பு அவனுக்கு மட்டும் உரியதன்று. தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாய்க் கொடுத்த நுட்பங்கள் ஏட்டில் ஏறவில்லை. மகன் வேறு தொழிலுக்குச் சென்ற அன்றே அவை மறைந்தன. இழிவினின்று தப்ப எண்ணி அவன் விலகியதைக் குறை கூறவும் இயலாது.

அறிவைப் பகிர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. அல் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கத் தோல்வினைஞர் (1919–1998) கைத்தோல் தையல் பற்றிய தம் நூலை 1977இல் வெளியிட்டார். நூலை மெழுகிடுவது முதல் குத்தூசியைப் பிடிப்பது வரை ஒவ்வொரு படியையும் படம் வரைந்து காட்டினார். பட்டறை வாயிலை மிதித்தறியாத பலர் அந்நூலைத் துணைக்கொண்டு தைக்கக் கற்றனர். நூற்றாண்டுகளாகச் சில குடும்பங்களுக்குள் அடங்கியிருந்த நுட்பம், ஒருவர் தயங்காது வெளியிட்டமையால் உலகப் பொதுவாயிற்று. இன்று கற்போர் தம் பிழைகளையும் ஒருவர்க்கொருவர் காட்டித் திருத்திக்கொள்கின்றனர். பிழையைக் காட்டுவோர்க்கே உரிய அறிவுரை கிடைக்கின்றது. நன்றாய் அமைந்த முன்புறத்தை மட்டும் காட்டுவோர் பின்புறத்தைத் திருத்தும் வழியை அறியார்.

எனினும் நூலறிவு மட்டும் போதுமா? நூல் சாய்வின் அளவைச் சொல்லும். இறுக்கத்தின் அளவைச் சொல்லமாட்டாது. அதனைக் கையே கைக்குச் சொல்லவேண்டும். பட்டினத்துத் தெருவோரத்தில் குடையின் கீழிருந்து சப்பாத்துத் தைப்பவரிடம் அந்த அறிவு இன்றும் உண்டு. அறுந்த செருப்பை அவர்முன் இட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போர் பலர். கற்க விரும்புவோர் அவரருகே அமர்ந்து, உரிய மரியாதையோடு ஐயா என்றழைத்து, நூலை ஏன் அவ்வாறு முறுக்குகிறீர் என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை கிடைக்கும், அதனோடு, நெடுங்காலம் கேட்கப்படாத ஒரு கேள்வியைக் கேட்டதனால் அவர் முகத்தில் எழும் மலர்ச்சியும் கிடைக்கும்.

தொடங்குவோர்க்குப் பெரிய பொருள் வேண்டா. இரண்டு விரற்கடை அகலமுள்ள இரு துவர்த்தோல் துண்டுகள், ஒரு குத்தூசி, மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகிட்ட நூல் இவை போதும். ஒரு சாண் நீளம் தைத்து, தைத்ததை அறுத்துப் பார்க்க வேண்டும். ஒருபுறத்து நூலை வெட்டிய பின்னும் இரு துண்டுகளும் பிரியாது நின்றால், அத்தையலைப் பிள்ளையின் பைவாரில் நம்பி இடலாம்.