கரையைத் தாக்கிய புயல்கள்

கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், நம் காக்ஸ் டவுன் குழந்தைகளுக்குப் புயல் என்பது பள்ளிப் புத்தகத்துச் சொல்லே. ஆயினும், ஐப்பசி கார்த்திகை வந்துவிட்டால், நாகையிலும் கடலூரிலும் இராமநாதபுரத்திலும் உள்ள உற்றாரை எண்ணித் தவிக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவ்வச்சத்தின் வரலாற்றைப் பிள்ளைகளும் அறிதல் நன்று.

1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அடுத்த மாதமே வீசிய புயல், கரையருகே நின்ற அவர்தம் கப்பல்களைச் சிதறடித்தது. வென்றவரையும் காற்று வென்றது!

தனுஷ்கோடியின் கதையோ நெஞ்சை உருக்குவது. எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்த பயணிகள் அங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்ற காலம் அது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியை ஊரை நெருங்கும் வேளையில் பேரலை விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள் மாண்டனர். ஊரும் அழிந்தது, குடியிருக்கத் தகாத இடமென அரசு அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை மட்டும், ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்தனர்.

2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை புயலால் எழுந்ததன்று. சுமத்திராவை அடுத்த கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மடிந்தனர். எச்சரிப்பார் எவருமிலர்.

2018 நவம்பர் 16 இல் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையேறியது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. எனினும், பல்லாயிரவர் முன்னரே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டமையால் உயிர்ச்சேதம் பெரிதும் குறைந்தது. எச்சரிக்கையின் பயன் இதுவன்றோ!

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டின் எண்ணை நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1 என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடும். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றது என்று பொருள்.

வீட்டையும் மாட்டையும் படகையும் விட்டு வர மனமின்றி, முதியோர் பலர் கடைசி நாழிகை வரை தயங்குவர். ஊராரின் சொல்லுக்கு இணங்காதவரும், தொலைபேசியில் ஒலிக்கும் மகளின் குரலுக்கு இணங்குவர். ஆகவே அன்பர்களே, கூண்டு ஏறிய செய்தி கேட்ட அன்றே ஊருக்குப் பேசுங்கள். இழந்த படகை மீண்டும் வாங்கலாம். போன உயிர் மீளாது.