கூடத்திலே ஓடும் தேர்!

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7-ம் நாள் தேரோட்டம். மாட வீதிகளில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு காட்சியைக் காணலாம். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதிலே சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே ஒரு கைக்குழந்தை. பெற்றவர்கள் அந்தக் கரும்புத் தொட்டிலைத் தோளில் சுமந்து வீதிகளைச் சுற்றி வருவார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் அது.

பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது இந்த ஊர்க் கதை. மாசி மாதத்தில், பள்ளிகொண்டாப்பட்டில், அந்த ராஜாவுக்கு அண்ணாமலையார் திதி கொடுக்கும் நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. பிள்ளையின் அருமை தெரிந்த ஊர்!

அதே நாளில் ஐந்து தேர்கள் ஓடும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேரை இழுப்பவர்கள் யார் தெரியுமா? சிறுவர்கள்!

தொட்டிலில் வந்த குழந்தை அந்தத் தேர் வடத்தைப் பிடிக்க இன்னும் சில வருஷங்கள் ஆகும். அதுவரை அது வளரப் போவது வீட்டுக் கூடத்திலே. அங்கே அதற்கு என்ன விளையாட்டு?

கையிலே செல்போன்

இன்று பல வீடுகளில் ஒரே பதில்தான். குழந்தை அழுதால் செல்போன். சோறு ஊட்டவும் செல்போன். அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? அடுப்பில் உலை கொதிக்கிறது. இடுப்பில் பிள்ளை அழுகிறது. அவள் என்ன செய்வாள்?

ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் சொன்னதைக் கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை திரையைப் பார்க்கவே கூடாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது.

அப்படியானால் விலை உயர்ந்த பொம்மை வாங்க வேண்டுமா? வேண்டாம். இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

ஜமைக்கா நாட்டிலே...

1986, 87-ம் ஆண்டுகளில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஒரு சோதனை தொடங்கியது. டாக்டர் சாலி கிராந்தம் மெக்கிரகர் என்ற அம்மையாரின் குழுவினர் அதைச் செய்தார்கள். 129 ஏழைக் குழந்தைகள். 9 மாதம் முதல் 2 வயது வரை உள்ளவர்கள். சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள்.

சில குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஒரு சுகாதார ஊழியை வந்தார். ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். பொம்மைகள் எல்லாம் வீட்டுப் பொருள்களால் செய்தவை. இப்படி 2 ஆண்டுகள் நடந்தது. அவ்வளவுதான்.

20 ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது! இது 2014-ல் வெளிவந்த செய்தி. பால்மாவு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் இந்தப் பலன் நிலைக்கவில்லை. பால் வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. பாலோடு பேச்சும் வேண்டும்.

நம் நாட்டிலும் ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சி கூடியது என்று 2020-ல் முடிவு வெளியிட்டார்கள்.

பாட்டன் போட்ட கணக்கு

இதை நம் முன்னோர்கள் அறியாதவர்கள் அல்ல. பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல்வகை உண்டு. ஒட்டக்கூத்தரும் குமரகுருபரரும் பாடியிருக்கிறார்கள். அதிலே குழந்தையின் பருவங்கள் பத்து. 5-ம் மாதம் செங்கீரை. 9-ம் மாதம் சப்பாணி. 21-ம் மாதம் சிறுதேர். அந்தக் கணக்கை வைத்தே கூடத்து விளையாட்டைச் சொல்லிவிடலாம்.

செங்கீரை என்றால், கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது. அதற்குக் கழுத்திலும் தோளிலும் வலு வேண்டும். தவழாத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்க விடுங்கள். பாயை விரித்து, எதிரே நீங்களும் குப்புறப் படுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரம் வேண்டும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

சப்பாணி என்றால் கை கொட்டுவது. இந்த வயதில் பருப்புக் கடையும் விளையாட்டைப் போல் உண்டா? பிஞ்சு உள்ளங்கையிலே முழங்கையால் பருப்புக் கடைய வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய் ஊட்ட வேண்டும். பிறகு நண்டு மெள்ள ஊர்ந்து வந்து கக்கத்திலே கிச்சுக்கிச்சு! மூன்றாவது தடவை பாருங்கள். நண்டு புறப்படும்போதே குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நினைவு வேலை செய்கிறது!

முந்தானையால் முகத்தை மூடி, "அம்மா எங்கே?" என்பதும் பெரிய பாடம். சின்னக் குழந்தைக்குக் கண்ணில் மறைந்தால் பொருளே இல்லை. எட்டு மாத வாக்கில், துண்டுக்கு அடியில் ஒளித்த டம்ளரைத் தானே தேடி எடுக்கும்.

கரண்டியைக் கீழே போடும். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடும். சேட்டை என்று அடிக்காதீர்கள். போட்டால் விழுகிறது, சத்தம் வருகிறது, அப்பா குனிகிறார் என்று அது ஆராய்ச்சி செய்கிறது. பத்துத் தடவை குனிந்தால் அப்பாவுக்கும் தொந்தி குறையும்!

சமையல் வேளைக்கு ஒரு கூடை

அம்மாவுக்குக் கை ஒழியாத நேரத்துக்கு ஒரு கூடை தயார் செய்து வையுங்கள். சிறிதும் பெரிதுமாய் நாலு எவர்சில்வர் டம்ளர், ஒரு மரக் கரண்டி, பருத்தித் துணி, மூடியோடு ஒரு டப்பா போதும். அடுப்புக்கு எட்டாத தூரத்தில், உங்கள் கண் பார்வையில் உட்கார வையுங்கள். டம்ளருக்குள் டம்ளர் போகிறதா என்று அது பார்க்கும். டப்பாவைக் கரண்டியால் தட்டும். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பாடிய சிறுபறை இதுதான்! "பெரிய டம்ளரா, சின்ன டம்ளரா?" என்று வேலை செய்தபடியே கேளுங்கள். அது ஒரு சத்தம் கொடுத்தால் நீங்களும் பதில் கொடுங்கள்.

கூடையில் போடக் கூடாதவை

பாட்டியின் பல்லாங்குழியில் குன்றிமணி இருக்கும். சிவப்பும் கறுப்புமாய்ப் பளபளக்கும். கொடிய விஷம்! கடித்து விழுங்கினால் உயிர் போகும். அதை வீட்டிலேயே வைக்காதீர்கள். புளியங்கொட்டை, காசு, கோலிக்குண்டு தொண்டையில் சிக்கும். பொம்மைக்குள் இருக்கும் வட்ட பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் உணவுக் குழாயை வெந்துபோகச் செய்யும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திருவிழாவில் வாங்கிய பலூன் வெடித்தால் துண்டுகளை அந்த நிமிஷமே பொறுக்கி எறியுங்கள். வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள்.

நடை பழக நம் மர நடைவண்டி இருக்கிறது. பெரியவர் ஒருவர் கூடவே இருந்து தள்ளச் சொல்லுங்கள். குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் சக்கர வாக்கர் வேறு. அதில் உருண்டு போய்ப் படியில் விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா நாடு 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

தேர் கட்டுவோம்

ஒன்றே முக்கால் வயது ஆகிவிட்டதா? சிறுதேர்ப் பருவம்! ஒரு அட்டைப் பெட்டி எடுங்கள். முன்பக்கம் துளை போட்டு நூல் கயிறு கட்டுங்கள். கயிறு ஒரு சாண் நீளம் போதும். நீண்டால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். உள்ளே ஒரு துணிப் பொம்மையைச் சாமியாக உட்கார வையுங்கள். குழந்தை இழுக்கட்டும். அப்பா பின்னால் தவழ்ந்து வரட்டும். பாட்டி டம்ளரைத் தட்டி மேளம் வாசிக்கட்டும்.

வாசலில் புறப்பட்ட தேர் அடுப்படி வாசலில் திரும்பும்போது குடை சாயும். சாமி கீழே விழும். குழந்தையே எடுத்து வைக்கும்; அவசரப்பட்டு நீங்கள் எடுக்காதீர்கள். இரண்டு நாளில் பெட்டி பிய்ந்துவிடும். மளிகைக் கடையில் கேட்டால் வேறு பெட்டி கொடுப்பார்கள்.