விலைச்சீட்டில் இல்லாத குதிரைக்காரன்

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகருக்குப் பக்கத்தில் 41 ஏக்கரில் ஒரு குதிரைப் பண்ணை. நடிகர் ஜானி டெப் அதை 1995இல் வாங்கினார், 2001இல் விற்றார், 2005இல் 20 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார். இரண்டாம் முறை வாங்கியது அம்மாவுக்காக. அம்மா 2016இல் இறந்துபோனார். பிறகு பண்ணை விலைக்கு வந்தது. 29 லட்சம் டாலர் என்றார்கள். 2017 செப்டம்பரில் ஏலத்துக்கும் விட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த தொகை வரவில்லை, ஏலம் படியவில்லை.

செய்தி இத்தோடு சரி. ஆனால் அதைச் சுற்றி எழுந்த பேச்சு இத்தோடு நிற்கவில்லை. அதே 2017 ஜனவரியில்தான் டெப் தன் வரவுசெலவைப் பார்த்துவந்த நிர்வாக நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டிருந்தார். பதிலுக்கு அவர்கள், மனுஷன் மாதம் 20 லட்சம் டாலர் செலவழிக்கிறார், ஒயினுக்கு மட்டும் 30 ஆயிரம் என்று நீதிமன்றத்தில் பட்டியல் வைத்தார்கள். (ஒயின் கணக்கை அவர் 2018இல் ஒரு பேட்டியில் மறுத்தார். தொகையைக் குறைத்துச் சொல்லி அவமானப்படுத்திவிட்டார்கள் என்பதுதான் மறுப்பு! வழக்கு அந்த ஆண்டே சமரசத்தில் முடிந்தது.) ஆகவே பண்ணை விலைக்கு வந்தபோது அதை வாசிப்பதற்கான கதை தயாராக இருந்தது. ஆடின ஆட்டம் அடங்கிற்று என்று ஒரு சாரார். அம்மாவின் நினைவை விற்கிறாரே, பாவம் என்று ரசிகர்கள். கெண்டக்கியில் பிறந்த பிள்ளை, மண்ணோடு இருந்த கடைசித் தொடர்பையும் அறுத்துக்கொள்கிறாரே என்று உள்ளூர்க்காரர்கள். இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அது படங்களை மட்டும் பார்த்தது. லாயம் எவ்வளவு பெரிது, புல்வெளி எவ்வளவு பச்சை, நாம் வாங்கினால் எந்த அறையை எடுத்துக்கொள்வோம்?

பரிகாசம், இரக்கம், ஊர்ப்பாசம், வாய்பிளத்தல் என்று நான்கும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிகின்றன. நான்கும் நிற்கும் இடம் ஒன்றுதான். ‘விற்பனைக்கு’ என்ற சொல் வாசிப்பவரை ‘வாங்குபவர்’ என்ற தன்னிலைக்குள் உட்கார வைத்துவிடுகிறது. கையில் நூறு டாலர் இல்லாதவரும் அந்தப் பிரதிக்கு முன்னால் ஒரு கணம் வாங்குபவர்தான். வாங்குபவரின் கண்ணுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும்: ஒன்று பொருள், மற்றொன்று விற்பவர். பொருளைப் பார்த்து வாய்பிளக்கலாம், விற்பவரைப் பார்த்துச் சிரிக்கலாம் அல்லது உச்சுக்கொட்டலாம். லாயத்தில் லத்தி அள்ளுபவர் இரண்டிலும் வரமாட்டார். அவர் பொருளும் இல்லை, விற்பவரும் இல்லை.

லத்தி என்று சும்மா சொல்லவில்லை. சராசரிக் குதிரை ஒன்று நாளொன்றுக்கு லத்தியும் மூத்திரமுமாக 20 கிலோவுக்கு மேல் போடும். இருபது குதிரை உள்ள லாயத்தில் நாள்தோறும் 400 கிலோ. யாரோ அள்ளுகிறார்கள், யாரோ வைக்கோல் மாற்றுகிறார்கள், குளம்பைத் தூக்கிப் பிடித்துச் சுரண்டுகிறார்கள். பந்தயக் குதிரைகளுக்கு எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1ஆம் தேதியில்தான் வயது கூடும். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த குட்டிக்குப் பந்தயத்தில் அனுகூலம் என்பதால் கடுங்குளிரில் குட்டி போடும்படி இனச்சேர்க்கையைத் திட்டமிடுகிறார்கள். பெட்டைக் குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும். அந்த ராத்திரிகளில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உரிமையாளர் அல்ல. விற்பனைப் படத்தில் பாருங்கள்: லாயம் துடைத்து வைத்த பூஜையறை மாதிரி இருக்கும். ஆள் இருக்காது, லத்தி இருக்காது, பல படங்களில் குதிரையே இருக்காது.

ஜான் பெர்ஜர் 1972இல் எழுதிய ‘வேஸ் ஆஃப் சீயிங்’ நூலில் கெய்ன்ஸ்பரோவின் ஓவியம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். ஆண்ட்ரூஸ் தம்பதி ஒரு மரத்தடியில் இருக்கிறார்கள், பின்னால் அவர்களுடைய வயல்வெளி விரிகிறது. இயற்கையை ரசிக்கும் படமென்று கலை விமர்சகர்கள் கொண்டாடியதை மறுத்து, இது நிலவுடைமையின் படம், உடைமையாளர்கள் தம் உடைமையைத் தாமே பார்த்து மகிழ்வதற்கான படம் என்கிறார் பெர்ஜர். கதிர் அறுத்துக் கட்டிக் கிடக்கிறது, அறுத்த ஆளைக் காணோம். பண்ணை விளம்பரமும் அந்த ஓவியத்தின் வாரிசுதான். ஒரு வித்தியாசம் உண்டு. இதில் ஆண்ட்ரூஸ் தம்பதியையும் நீக்கிவிட்டார்கள். மரத்தடி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று கூப்பிடுகிறது.

ரேமண்ட் வில்லியம்ஸ் இதையே கவிதையில் கண்டார். 1973இல் வந்த அவருடைய ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’, பென் ஜான்சன் காலத்து மாளிகைக் கவிதைகளில் பழம் தானே கனிவதையும் மீன் தானே வலையில் விழுவதையும் காட்டி, உழைப்பவர்களைக் கவிதை எப்படி வெளியேற்றுகிறது என்று கேட்கிறது. நிலம் தானாகவே கொடுக்கிறது என்ற அந்தப் பழைய கதையாடல் கெண்டக்கியில் இன்றும் புழங்குகிறது. அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீரிலும் புல்லிலும் சுண்ணாம்புச் சத்து. அதனால் குதிரையின் எலும்பு உறுதி என்பார்கள். பாறை உண்மைதான். பாறை மட்டும் குதிரை வளர்த்துவிடுமா?

புல்வெளியைப் பற்றி வெப்லன் 1899இலேயே எழுதிவிட்டார். புல்லைக் கட்டையாக வைத்துக்கொள்ள மாட்டை மேயவிட்டால் போதும். ஆனால் மாடு சிக்கனத்தையும் பயனையும் நினைவூட்டும், ஆகவே பணக்காரப் புல்வெளிக்கு மாடு ஆகாது. பந்தயக் குதிரையோ எந்த உற்பத்திக்கும் உதவாது, தின்னும், செலவு வைக்கும். அதனால்தான் அது கௌரவம். கெண்டக்கியில் வேலியும் இந்தக் குறியமைப்புக்குள் வருகிறது. மைல் கணக்கில் மரப்பலகை வேலி. வெள்ளை பூசினால் சில வருஷங்களில் உரிந்துவிடும், திரும்பத் திரும்பப் பூசவேண்டும். கறுப்புப் பூச்சு மலிவு, நாள்படத் தாங்கும் என்று பல பண்ணைகள் கறுப்புக்கு மாறிவிட்டன. இன்னும் வெள்ளை வேலி வைத்திருப்பவர், கூலிக்கு ஆள் வைத்துப் பூச எனக்கு முடியும் என்று சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எதிர்வினைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதையும் பார்க்கவேண்டும். லெக்சிங்டனில் கேலமெட் என்று புகழ்பெற்ற பண்ணை இருக்கிறது. பேக்கிங் பவுடர் விற்ற பணத்தில் 1924இல் எழுந்தது. வெள்ளை வேலி, சிவப்பு விளிம்பிட்ட வெள்ளைக் கட்டடங்கள். வர்லவே, சைட்டேஷன் ஆகிய மூன்று மகுடக் குதிரைகளை உருவாக்கிய இடம். 1990 நவம்பரில் அங்கே அலிடார் என்ற பொலிகுதிரை, 3 கோடியே 65 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்ட குதிரை, கால் முறிந்து கொல்லப்பட்டது. அடுத்த ஆண்டே பண்ணை 10 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு திவாலானது. 1992 மார்ச்சில் ஏலம். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஹென்ரிக் டி க்வியாட்கோவ்ஸ்கி 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு எடுத்தார். பண்ணையை அப்படியே காப்பாற்றுவேன் என்றார். கூட்டம் மகிழ்ச்சியில் ஆரவாரித்தது. பண்ணையை நடத்தியவர் மோசடி, லஞ்சக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டது 2000இல்தான். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கேலமெட் என்றால் ஒரு பாரம்பரியத்தின் துயரக் கதைதான், ஊதாரியின் கதை கிடையாது.

அதே காலத்தில் எம்.சி. ஹாமர் என்ற கறுப்பின ராப் பாடகரும் குடும்பத்தோடு பந்தயக் குதிரைகள் வைத்திருந்தார். அவர்களுடைய லைட் லைட் 1991இல் கெண்டக்கி ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. டான்ஸ் ஃப்ளோர் 1992 டெர்பியில் மூன்றாவதாக வந்தது. 1996இல் அவர் திவாலானார், கடன் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம். கலிஃபோர்னியாவில் கட்டிய மாளிகை, போட்ட பணத்தில் சிறு பங்குக்கு விலைபோனது. அமெரிக்கா கைகொட்டிச் சிரித்தது. இன்றைக்கும் ஊதாரித்தனத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவருடைய சம்பளப் பட்டியலில் சுமார் 200 பேர் இருந்தார்கள், அதில் அவர் வளர்ந்த பகுதியின் ஆட்களும் உண்டு என்பது அந்தச் சிரிப்பில் ‘விவரம் கெட்டவன்’ என்பதற்கான சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்துப் பங்கு அதிகக் கடன் வைத்த இடத்துக்குக் கைதட்டல், இவருக்கு நையாண்டி. குதிரை யார் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடதுசாரி வாசகர்களாகிய நமக்குப் பணக்காரர்களின் ஆடம்பரத்தைக் கேலி செய்வது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஒயின் கணக்கைப் படித்துவிட்டு நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எதைக் குற்றம் என்கிறது? அளவு மீறியதை. அளவோடு செலவழித்து, கடன் வாங்காமல், வேலிக்குச் சிக்கனமாகக் கறுப்பு பூசி, தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தை வைத்துக்கொண்டிருப்பவர் இந்தக் கேலிக்குச் சிக்குவதே இல்லை. சிக்காதது மட்டுமில்லை, ஒழுக்கத்துக்கே மாதிரியாகிவிடுகிறார். கூத்தாடியின் செலவைப் பார்த்துச் சிரிக்கிற நாம் பண்ணையாருடைய சேமிப்பின் பக்கம் போய் நின்றுவிடுகிறோம்.

‘விற்பனைக்கு’ என்ற சொல்லுக்கு லெக்சிங்டனில் ஒரு பழைய பொருள் உண்டு. நகரின் நீதிமன்றத்தையொட்டி சீப்சைட் என்ற சந்தைத் திடல். குதிரையும் கோவேறு கழுதையும் விற்ற அந்த இடத்தில்தான் மனிதர்களையும் ஏலம் போட்டார்கள். 1860 கணக்குப்படி கெண்டக்கியில் அடிமைகள் 2 லட்சத்து 25 ஆயிரம் பேர், மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். குதிரை வித்தையின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. 1875இல் நடந்த முதல் கெண்டக்கி டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பர்கள். வென்ற குதிரையைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர், ஓட்டிய ஆலிவர் லூயிஸும் கறுப்பர். முதல் 28 டெர்பிகளில் 15 கறுப்பின ஜாக்கிகள் வென்றவை. பரிசுத்தொகையும் பேரும் ஏற ஏற, ஓட்டத்தில் இடித்து ஒதுக்கியும் உரிமம் மறுத்தும் அவர்களை வெளியேற்றினார்கள். 1921க்குப் பிறகு 2000 வரை டெர்பியில் ஒரு கறுப்பின ஜாக்கிகூட இல்லை. குதிரை மேலிருந்து இறக்கப்பட்டவர்களுக்கு லாயத்தில் இடம் கிடைத்தது. இப்போது அந்த வேலையில் பெருமளவில் இருப்பவர்கள் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், பலர் தற்காலிக விசாவில்.

வில் ஹார்பட் என்பவரின் கதையைச் சொல்லவேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையானவர்கள் குடியேறிய மேடக்ஸ்டவுன் என்ற குட்டிக் கிராமத்துக்காரர், மேன் ஓ’ வார் என்ற புகழ்பெற்ற குதிரையின் பராமரிப்பாளர். குதிரையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் வம்சம், ஓட்டம், சாதனை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அந்த அறிவைப் பத்திரிகைகள் அவருடைய கொச்சை உச்சரிப்பை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டு வேடிக்கையாக்கின. 1947 அக்டோபரில் அவர் இறந்தபோது குதிரைத் தொழிலின் பத்திரிகை ஒன்று இரங்கல் குறிப்பில் மனைவி, பிள்ளைகள், மேன் ஓ’ வார் ஆகியோரை விட்டுச் சென்றிருக்கிறார் என்று எழுதியது. ஒரு மாதத்துக்குள் குதிரையும் போய்ச் சேர்ந்தது. அதன் உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்துப் பார்வைக்கு வைத்தார்கள். சவ அடக்கம் வானொலியில் ஒலிபரப்பானது.

மூன்று டெர்பிகளை வென்ற கறுப்பின ஜாக்கி ஐசக் மர்ஃபி 1896இல் இறந்தார். லெக்சிங்டனில் கறுப்பர்களுக்கான இடுகாட்டில் புதைக்கப்பட்டார், பின்னால் எந்தக் கல்லறை அவருடையது என்றே தெரியாமல்போனது. தேடிக் கண்டுபிடித்து 1967இல் மேன் ஓ’ வாருக்குப் பக்கத்தில் மறு அடக்கம் செய்தார்கள். பிறகு குதிரையின் எச்சங்களைப் புதிய குதிரைப் பூங்காவுக்கு மாற்றியபோது மர்ஃபியையும் கூடவே மாற்றினார்கள். பூங்காவுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் இருவரையும் பார்க்கலாம். மர்ஃபியின் மனைவி லூசி இன்னும் பழைய இடுகாட்டில்தான் இருக்கிறார்.